மேலிருந்து பார்க்க யாருக்குப் பயம்?

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் கரையோர வீதியில், செம்மலையைக் கடந்து நாயாற்றுப் பாலத்தை அண்மிக்கும் பகுதியில் இரண்டு விதமான பேச்சுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். தெற்கிலிருந்து வருவோரில் ஒரு சாரார், இந்த மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் தம்முடையது என்கிறார்கள். ஊரவரில் ஒரு சாரார், எதையும் கிண்ட வேண்டாம், பழஞ்செங்கல் ஒன்று கண்ணில் பட்டாலும் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள் என்கிறார்கள். முதலாவது பேச்சைக் கண்டித்து எழுத நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். இரண்டாவது பேச்சைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. அதுவும் முதலாவதற்குச் சற்றும் குறையாத கேட்டை விளைவிக்கிறது என்பதையே இங்கு சொல்ல வருகிறேன். மண்வெட்டி இறங்குமுன் ஆகாயத்திலிருந்து படம் எடுக்கப்பட வேண்டும். அந்தப் படம் எல்லோர் பார்வைக்கும் திறந்துவிடப்பட வேண்டும். இரண்டு பேச்சுகளுக்கும் நான் காணும் மாற்று இதுதான்.

ஊரவரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாயாற்றுக் கரையில் நீராவியடிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. போருக்குப் பின்னர் அக்கோயில் வளவில், பழைய இடிபாடுகளைக் காரணம் காட்டி, குருகந்த ரஜமகா விகாரை என்ற பெயரோடு ஒரு விகாரை எழுந்தது. அதன் விகாராதிபதி 2019 செப்டெம்பர் 21-இல் காலமானார். உடலைக் கோயில் வளவில் எரிக்கக் கூடாதென்று முல்லைத்தீவு நீதிமன்றம் 23-ஆம் திகதி உத்தரவிட்டது. உத்தரவு பிறந்த அதே நாளில் கோயிலின் தீர்த்தக் கேணிக்கு அருகே சிதை மூட்டப்பட்டது. எதிர்த்து நின்ற சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சற்று உள்ளே, தண்ணிமுறிப்புக் குளத்துக்கு அண்மையில் குருந்தூர்மலை. 1933-லேயே தொல்லியல் ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே பண்டைய இடிபாடுகள் உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் 2021 ஜனவரி 18-இல் அகழ்வு தொடங்கியபோது அங்கு நடந்தது என்ன? இராசாங்க அமைச்சர் ஒருவர் படையினர் சூழ வந்திறங்கினார். புத்தர் சிலை வைக்கப்பட்டு வழிபாடு நடந்தது. அதன் பிறகே மண் தோண்டப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் இடிபாட்டின்மேல் புதிய தூபி எழும்பலாயிற்று. 2022 ஜூலையில் நீதிமன்றம் புதிய கட்டுமானங்களுக்கு எதிராக உத்தரவிட்டும் வேலை நிற்கவில்லை. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ரி.சரவணராஜா, உயிருக்கு அச்சுறுத்தல் என்று கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டே வெளியேறினார்.

இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலில் கொடி, பிறகு வேலி, அதன் பிறகு சிலை, கடைசியில் அகழ்வு. விடையை எழுதி வைத்துக்கொண்டு வினாவைத் தேடுகிற இந்த வேலைக்குத் தொல்லியல் என்ற பெயர் பொருந்தாது.

அந்த அறிவியல் உலகின் பிற பாகங்களில் எவ்வாறு வளர்ந்தது என்று பாருங்கள். வேடிக்கை என்னவெனில் அதுவும் போரின் குழந்தைதான். முதலாம் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவின் மேல் நில அளவைக்காகப் பறந்த பிரித்தானியப் படை அதிகாரி பீஸ்லி, தரையில் வெறும் மேடும் பள்ளமுமாகக் கிடந்த சமாராவின் பழைய நகர அமைப்பையும் தூர்ந்துபோன வாய்க்கால்களையும் வானிலிருந்து கண்டு, 1919-இல் அதை எழுதி வெளியிட்டார். அதே போரில் வேவு விமானத்தில் பறந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜேர்மனியரிடம் சிறைப்பட்ட ஓ.ஜி.எஸ். குரோபோட் என்பவர், போர் முடிந்ததும் படையினரின் விமானப் படங்களை வாங்கி வைத்துக்கொண்டு பழைய வயல் வரம்புகளைத் தேடினார். வான்வழித் தொல்லியலை ஒரு முறையான துறையாக்கியவர் அவர்தான்.

1925 டிசெம்பரில் விமானி இன்சோல், இங்கிலாந்தின் ஸ்ரோன்ஹெஞ்சுக்கு அண்மையில் உழுத வயலொன்றில் வெண்புள்ளிகள் கொண்ட வட்டத்தைக் கண்டார். அடுத்த கோடையில் அதே வயலில் கோதுமை வளர்ந்தபோது அப்புள்ளிகள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. அதன் பிறகே அகழ்ந்தார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரத்தூண்களின் ஆறு வட்டங்கள் அங்கே புதைந்திருந்தன. வூட்ஹெஞ்ச் என்று இன்று அறியப்படும் இடம் அது. முதலில் படம், பிறகு தரையில் சரிபார்ப்பு, பிறகு அகழ்வு, பிறகு வெளியீடு. நமது வரிசையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

இதில் மந்திரம் எதுவுமில்லை. மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால் அதன்மேல் வளரும் பயிருக்கு வேர் இறங்க இடமில்லை, ஈரமும் குறைவு, அது முந்திப் பழுத்து மஞ்சளாகிவிடும். பழைய அகழியோ வாய்க்காலோ தூர்ந்து கிடந்தால் அங்கே வண்டல் ஆழம். பயிர் செழித்துப் பச்சையாக நிற்கும். வரம்பில் நிற்கும் கமக்காரனுக்குத் திட்டுத் திட்டாகத் தெரிவது, ஆயிரம் அடி உயரத்தில் சதுரமாகவும் வட்டமாகவும் தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது, கால் தடுக்காத அளவு சிறிய மேடுகூட நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வறட்சி கடுமையாகக் கடுமையாகப் படம் தெளிவாகும். 2018 கோடையின் வறட்சியில் அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்கு அருகே, அதுவரை எவரும் அறியாதிருந்த பெருவட்டமொன்றை ஆர்வலர்கள் சாதாரண ட்ரோன் கொண்டு கண்டுபிடித்தார்கள்.

காடு மூடிய இடங்களுக்கு லைடார் வந்துவிட்டது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை மழைபோல் பொழிந்து, இலைகளின் இடைவெளியால் தரையைத் தொட்டுத் திரும்புபவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்க்கலாம். கம்போடியாவில் 2012-இல் அங்கோர்ப் பகுதியிலும் குலேன் மலையிலும் இவ்வாறு பறந்தார்கள். மரங்களுக்கடியில் தெருக்களும் குளங்களுமாக நகரமொன்று வெளிப்பட்டது. குவாத்தமாலாவில் ஏறத்தாழ 2,100 சதுர கிலோமீற்றர் காட்டை இவ்வாறு அளந்து, 60,000-க்கும் மேற்பட்ட மாயன் கட்டுமானங்களைக் கண்டதாக 2018-இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் கங்கைகொண்ட சோழபுரத்தில் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யுமுன் ஆளில்லா வான்கலத்தைப் பறக்கவிட்டிருக்கிறது.

இனி வன்னிக்கு வருவோம். இம்முறைக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் எது? வன்னி குளங்களின் நாடு. உடைந்த குளக்கட்டு ஒன்று காட்டுக்குள் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் மேலிருந்து பார்க்கையில் பிறை வடிவாகவே தெரியும். துருசு இருந்த இடம், வான் பாய்ந்த இடம், கீழே விரிந்த வயலின் வரம்புகள், அதை அண்டியிருந்த குடியிருப்பு மேடு எல்லாம் ஒன்றோடொன்று கோத்த மாலைபோல் வரும். ஜே.பி. லூயிஸ் 1895-இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலிலும், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இந்நிலத்தின் இடிபாடுகளும் குளங்களும் பதிவாகியுள்ளன. பேராசிரியர் ப.புஷ்பரட்ணம் போன்றோர் பூநகரியிலும் கட்டுக்கரையிலும் தேடியிருக்கிறார்கள். ஆனால் தரையில் நடந்து தேடும் ஒருவர் பற்றைக்காட்டில் எவ்வளவு தூரம் போகமுடியும்? போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகள் இன்னும் முற்றாக அகற்றப்படாத மாவட்டம் இது. கால் வைக்கக்கூடாத இடத்தில் கண்ணை வைக்கலாம் அல்லவா?

கண் இல்லாமலா இருந்தது? போர்க்காலத்தில் வன்னியின் மேல் இரவும் பகலும் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் இட்ட பெயர் வண்டு. அந்த ரீங்காரத்தைக் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பிள்ளையைத் தள்ளிய தாய்மார் இன்றும் நாயாற்றிலும் அளம்பிலிலும் இருக்கிறார்கள். வண்டு படம் எடுத்தது, பிறகு கிபிர் வந்தது. 2009 மே மாதத்தில் வர்த்தகச் செய்மதிப் படங்களைக் கொண்டு அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கம் புதுமாத்தளன் பகுதியின் அழிவை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆக, வன்னி அளவுக்கு மேலிருந்து பார்க்கப்பட்ட நிலம் இலங்கையில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. குரோபோட்டின் நாட்டில் போர் முடிந்ததும் அந்தப் படங்கள் ஆய்வாளர் கைக்கு வந்தன. இங்கே கொல்வதற்குப் பார்த்த கண், போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும், அறிவதற்காக ஒருமுறையேனும் திறக்கவில்லை.

படம் மட்டும் போதுமா என்றால், போதாது. மேலிருந்து பார்க்கையில் நீண்ட மண்மேடு ஒன்று பழைய குளக்கட்டாகவும் இருக்கலாம். 2008-இல் போராளிகள் எழுப்பிய மண்ணணையாகவும் இருக்கலாம். வட்டப் பள்ளம் ஒன்று பழங்கேணியாகவும் இருக்கலாம். குண்டு விழுந்த குழியாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் கொழும்பில் கணினி முன் அமர்ந்திருப்பவர் அல்லர். அந்த ஊரில் மாடு மேய்த்தவர், தேன் எடுக்கக் காட்டுக்குள் போனவர், அந்தக் குளத்தின் கீழ் விதைத்தவர். ஊரவரைத் துரத்திவிட்டுச் செய்யும் தொல்லியல் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் சமயம் தெரியாது, மொழியும் தெரியாது. செங்கல் மேடு தெரியும். அதை யார் கட்டினார், எந்த மொழியில் வேண்டிக்கொண்டார் என்பது தெரியாது. அகழ்ந்து எடுத்த பிறகுகூட அதை அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. குருந்தூர்மலையில் 2021-இல் வெளிப்பட்ட ஒரு கல்லைத் தமிழர் தாராலிங்கம் என்றார்கள், எதிர்த்தரப்பினர் தூபியின் பாகம் என்றார்கள். இருதரப்பும் உணராத ஒரு செய்தி வன்னியின் பாறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்துக் குகையில் உள்ள பிராமிக் கல்வெட்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகனின் கொடையைச் சொல்கிறது. அது பௌத்த துறவிகளுக்கான குகை. திருகோணமலையின் வெல்கம் விகாரையில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இராசராசப் பெரும்பள்ளி என்பது அதன் பெயர். பௌத்தம் என்றால் சிங்களம் என்று அவர்கள் கூறுவதும் பிழை. அதை ஒப்புக்கொண்டு, பௌத்த எச்சம் என்றாலே நம்முடையதல்ல என்று நாம் நடுங்குவதும் பிழை. அந்த நடுக்கமே அவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் காணி உறுதி.

காணி என்றவுடன் இன்னொரு கதையும் வருகிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனேடிய நிறுவனமொன்று 1956-இல் இலங்கை முழுவதையும் 1:40,000 அளவில் வானிலிருந்து படம் பிடித்தது. போருக்கும் குடியேற்றங்களுக்கும் முந்தைய வன்னியின் முகம் அந்தப் படங்களில் உறைந்திருக்கிறது. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் துரத்தப்பட்டார்கள். 1988-இல் மணலாறு வெலிஓயா ஆயிற்று. மக்கள் திரும்பி வந்தபோது வயலில் மரம் நின்றது. மரம் நின்றால் காடு என்றது வன இலாகா. 2017-இல் நாயாறும் நந்திக்கடலும் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் வந்தன. காட்டின் எல்லைக்கு 1985-ஆம் ஆண்டு வரைபடத்தை ஆதாரமாகக் கொள்ளலாமென்று 2023-இல் பேசினார்கள். துரத்தப்பட்ட மறு ஆண்டு வரைந்த எல்லை துரத்தப்பட்டவனுக்கு எப்படி நீதி தரும்? 1956-ஆம் ஆண்டுப் படத்தை மேசையில் விரியுங்கள். எங்கே வயல், எங்கே குளம், எங்கே காடு என்பதை அது பேசட்டும். அது எமக்குப் பாதகமாகப் பேசினால் அதையும் ஏற்போம். இங்கிலாந்தின் அரச மரபுரிமை நிறுவனம் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்படங்களை 2021-இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. அமெரிக்கா தனது கொரோனா உளவுச் செய்மதிகள் எடுத்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை 1995-லேயே திறந்துவிட்டது. உளவுப் படத்தையே திறக்கலாமென்றால், எழுபது ஆண்டுப் பழைமையான நில அளவைப் படத்தை வன்னிக் கமக்காரன் கண்முன் விரிப்பதில் என்ன தடை?

தேவை ஏற்பட்டால் இந்த நாட்டில் இம்முறையைக் கையாளத் தெரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்தின் செம்மணியில் 2025-இல் புதைகுழி அகழப்பட்டபோது, தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ செய்மதிப் படங்களையும் ட்ரோன் படங்களையும் கொண்டு இரண்டாவது புதைகுழிப் பகுதியை இனங்கண்டு நீதிமன்றத்துக்குச் சொன்னார். சொன்ன இடத்தில் எலும்புக்கூடுகள் வந்தன. நாயாற்றுக்குத் தெற்கே கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாத இறுதியில் புதைகுழி வெளிப்பட்டதோ தண்ணீர்க் குழாய்க்குக் கான் வெட்டியபோது. 52 பேரின் எச்சங்கள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அந்தக் குழாய் பத்து மீற்றர் தள்ளிப் போயிருந்தால் அவர்கள் இன்னும் அங்கேயே கிடந்திருப்பார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல்லைத் தேடி மலை ஏறும் அரசுக்கு, காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் நிலத்தை மேலிருந்து ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. 1815 மார்ச் 2-க்கு முந்தியதே தொன்மை என்கிறது தொல்பொருள் சட்டம். அதற்குப் பிந்திப் புதைக்கப்பட்டவர்களுக்குத் திணைக்களம் கிடையாது.

இவ்வளவும் அரசுக்கு. நமக்கும் சில வார்த்தைகள் உண்டு.

கிண்டாதே, மூடு என்ற கொள்கையால் நாம் எதைக் காப்பாற்றியிருக்கிறோம்? நீராவியடியைக் காத்தோமா? குருந்தூர்மலையைக் காத்தோமா? மூடிய இடத்துக்கு ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாத இடத்தைப் பற்றி முதலில் வந்தவன் சொல்வதே வரலாறு ஆகிவிடுகிறது. அவர்கள் விகாரைப் பட்டியல் தயாரிக்கும்போது நாம் இராவணனின் தலைநகரத்தைப் பற்றியும் கடலில் மூழ்கிய கண்டத்தைப் பற்றியும் விழா மேடைகளில் பேசிக்கொண்டிருந்தோம். கட்டுக்கதைக்குக் கட்டுக்கதை மறுமொழியாகாது. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்க் கோயில்களுக்கு இராசகோபுரம் எழுப்பக் கோடிக்கணக்கில் அனுப்புகிறார்கள். பக்தியை நான் குறைகூறவில்லை. ஒரு கோபுரத்தின் செலவில் சிறு பங்கு இருந்தால், நாயாற்றிலிருந்து தண்ணிமுறிப்பு வரை ஒரு பல்கலைக்கழகக் குழு முறைப்படி அனுமதி பெற்று வறட்சிக் காலம் முழுவதும் பறந்து படம் எடுக்கலாம். கோபுரத்துக்குக் கல்வெட்டு வைக்கிறோம். கோயில் நிற்கும் நிலத்துக்கு ஒரு படம்கூட நம் கையில் இல்லை.

ஏதேனும் கண்டுபிடித்தால் பறித்துவிடுவார்களே என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பறிப்பவனுக்குக் கண்டுபிடிப்பு தேவைப்படவில்லை என்பதைத்தான் கடந்த ஆண்டுகள் காட்டின. அவனுக்குத் தேவைப்பட்டது இருட்டு. திகதியிட்ட, எல்லோரும் பார்க்கக்கூடிய படம் ஒன்று இருந்தால், பிறகு அங்கே முளைக்கும் எதுவும் எப்போது முளைத்தது என்பதை மறைக்க முடியாது. இடிபாட்டின் எல்லை எதுவரை என்பதும் படத்தில் இருக்கும். மேட்டுக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போடுவதற்குச் சாட்டு இராது. குருந்தூர்மலை, திரியாய் எல்லைகளைப் பற்றி 2023 ஜூனில் சனாதிபதியே தொல்லியல் பணிப்பாளர் நாயகத்திடம் கேள்வி எழுப்பி, பணிப்பாளர் நாயகம் பதவி விலகியதை நாம் பார்த்தோம். எல்லைக்கு ஆதாரம் கேட்டால் தடுமாறுகிற இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். அந்தக் கேள்வியை ஆதாரத்தோடு கேட்கும் தகுதியை நாம் ஏன் சம்பாதிக்கவில்லை?

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. வடக்கிலும் கிழக்கிலும் வான்படமும் தரைச் சரிபார்ப்பும் வெளியிடப்படாமல் எந்த இடத்திலும் புதிய அகழ்வு தொடங்கக் கூடாது. அகழ்ந்த இடத்தில் எந்தச் சமயத்தின் புதிய கட்டுமானமும் எழக்கூடாது. சைவத்துக்கும் இதே விதி. சரிபார்க்கும் குழுவில் ஊரவரும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களும் தென்னிலங்கை அறிஞர்களும் இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டுப் படங்களில் வன்னி தொடர்பானவை அனைத்தும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்கு அரசின் மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. செம்மலையில், கொக்கிளாயில், குமுழமுனையில் இருக்கும் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், ஒவ்வொரு மீனவர் சங்கமும், ஒவ்வொரு கோயில் பரிபாலன சபையும் நில அளவைத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதலாம்: எங்கள் ஊரின் 1956-ஆம் ஆண்டு வான்படத்தின் பிரதியைத் தாருங்கள். மறுத்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். வன்னி வாசகர்களே, நாளைக்கே எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்போர், ஊரில் எழுதத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த வறட்சிக்குள் பத்து ஊர்களின் படம் நம் கையில் இருக்குமானால், எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக்கூடாது என்ற பேச்சை முதன்முறையாக நாமே தொடங்கி வைக்கலாம்.